டின்னின் மேல் ஒட்டிய தாள்

"எழுதி ஒட்டிப்போட்டா ஆச்சா கண்ணு? பூச்சிக்குப் படிக்கத் தெரியுமா?"

ஓனரம்மா இப்படிக் கேட்டபோது எனக்குப் பத்து வயது. பலகாரக் கடையில் முறுக்கு போட்டு வைப்பார்களே, அந்த மாதிரி பெரிய சதுர டின் ஒன்றின் மூடியில், நோட்டிலிருந்து கிழித்த தாளைப் பேக்கிங் டேப்பால் ஒட்டிக்கொண்டிருந்தேன். எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படித்த முதல் ஆள் நான். என் கையெழுத்தை ஒருவர் சந்தேகப்படுவதைத் தாங்க முடியவில்லை.

"பூச்சி படிக்காதுங்க. நான் படிப்பேன்," என்றேன்.

அவர் சிரித்துக்கொண்டே மேலே போய்விட்டார்.

லைன் வீடுகளில் வளர்ந்து, பனியன் வேஸ்ட் துணியில் மூக்கைத் துடைத்து, கரண்ட் போனதும் தெருவிலுள்ள தையல் மெஷின் எல்லாம் ஒரே நேரத்தில் மூச்சடங்குவதைக் கேட்டுப் பழகிய உங்களுக்கு, நான் சொல்லப்போவதில் பாதி தெரிந்திருக்கும். மீதிப் பாதியைப் போன மாதம் வரை நான் யாருக்கும் சொன்னதில்லை.

நாங்கள் இருந்தது நம் பனியன் ஊரின் ராயபுரத்தில். கீழே வரிசையாக நான்கு ஒற்றை அறைகள், அதில் ஒன்று எங்களுடையது. முதல் மாடியில் ஓனரம்மா. மொட்டை மாடியில் தகரக் கூரை போட்ட ஒரு அறை. அதில் மாடி ஆன்ட்டி. நைஜீரியாவிலிருந்து பனியன் சரக்கு எடுக்க வந்தவர்கள் எங்கள் தெருக்களில் நிறைய இருந்த காலம் அது. ஆன்ட்டியின் கணவர் சரக்கோடு ஊருக்குப் போனவர், திரும்பி வர விசா கிடைக்காமல் அங்கேயே மாட்டிக்கொண்டார். ஆன்ட்டி வயிற்றுப் பிள்ளையோடு இங்கே தனியாக இருந்தார்.

தெருப் பிள்ளைகள் அவரைப் பார்த்து ஓடுவார்கள். நானும் முதலில் ஓடினேன். பிறகு ஒருநாள் படியில் என்னை நிறுத்தி, என் கையிலிருந்த ஆங்கிலப் புத்தகத்தை வாங்கி, ஒரு பக்கத்தை உரக்கப் படித்துக் காட்டினார். எங்கள் டீச்சர் படிப்பதுபோல் இல்லை, ஒவ்வொரு சொல்லும் உருண்டு வந்தது. அன்றிலிருந்து பள்ளி விட்டதும் நேராக மாடிக்குத்தான் போவேன். அவருக்குத் தெரிந்த தமிழ், சந்தைத் தமிழ்: "எவ்ளோ", "கம்மி பண்ணு", "நாளைக்கு வா". எனக்குத் தெரிந்த ஆங்கிலம் அதைவிடக் கொஞ்சம் அதிகம். ஆறே மாதத்தில் அவர் பேசுவதை அம்மாவுக்குச் சொல்லும் அளவுக்கு வந்துவிட்டேன். அம்மா தெருக்குழாயில் பெருமையடிப்பாள்: "எம்புள்ள இங்கிலீசுல பேசுதாளாக்கும்."

அந்த வருடம் கரண்ட் எப்போது வரும், எப்போது போகும் என்று யாருக்கும் தெரியாது. ஆன்ட்டியின் அறையில் ஒரு பழைய ஃபிரிட்ஜ் இருந்தது. முதல் வெயில் காலத்திலேயே அதில் வைத்திருந்த கசப்புக் கீரை கறுத்துச் சளியாகி, மீன் ஊசிப்போய், கீழே வழிந்த தண்ணீர் படிவரை வந்தது. அதன்பிறகு அவர் ஃபிரிட்ஜை நம்பவில்லை. அதில் பனியன் சாம்பிள்களை மடித்து அடுக்கினார். என் நோட்டுப் புத்தகங்களுக்கும் கீழ்த்தட்டில் ஓர் இடம் கொடுத்தார்.

சாப்பாட்டுச் சாமான்கள் வெளியே வந்தன. ஊருக்குப் போய்வரும் யாராவது அவற்றைப் பெட்டியில் கொண்டுவந்து கொடுப்பார்கள். சென்னாக்குனி போன்ற பொடி இறால், காய்ந்தது. அதைக் கண்ணாடிப் போத்தலில் அடைத்து, இடையிடையே முழு மிளகாய் வற்றலைச் செருகி வைப்பார். எகுசி என்று ஒரு விதை, பார்க்க வெள்ளரி விதை மாதிரி. அதைத் தோலோடுதான் வைத்திருப்பார். தோல் உரித்துவிட்டால் பத்து நாளில் காறிவிடுமாம், அதனால் சமைக்கும் அன்றுதான் உரிக்க வேண்டும். உரிப்பது என் வேலை, நகக்கண் வலிக்கும். செம்பனை எண்ணெய் போத்தல்கள் கட்டிலுக்கடியில், வெளிச்சம் படாமல். காய்ந்த பெரிய மீன் ஒன்று சணல் கயிற்றில் உத்தரத்திலிருந்து தொங்கும். தட்டினால் டொக் டொக் என்று சத்தம் வரும். அம்மா அதற்கு விறகு மீன் என்று பெயர் வைத்தாள்.

எல்லாவற்றையும்விட வாசனை அடித்தது ஓகிரிதான். விதையைப் புளிக்க வைத்து அரைத்து, இலையில் சின்னச் சின்னப் பொட்டலமாகக் கட்டியிருப்பார்கள். குழம்பில் நகக்கண் அளவு போட்டால் போதும். ஆனால் பொட்டலத்தைப் பிரித்தால் கட்டடமே திரும்பிப் பார்க்கும். முதல்முறை அந்த வாசனை வந்தபோது எலி செத்துக் கிடக்கிறது என்று நினைத்து, அம்மா படி முழுக்க பினாயில் ஊற்றிக் கழுவினாள்.

ஆன்ட்டி உப்புத் தடவி, கைப்பிடிச் சுவரில் சுத்தமான பனியன் துணியை விரித்து, ஓகிரியை வெயிலில் காய வைப்பார். காக்கை விரட்ட நான். துணியின் நான்கு மூலையிலும் வைக்க நான்கு கற்கள் இருந்தன. ஒன்றில் பச்சை பெயின்ட் பட்டிருக்கும். அந்தக் கல்கூட எனக்கு இன்னும் நினைவிருக்கிறது.

ஓனரம்மாவுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. "ஏனுங்க, இது ஊடா, மீன் மார்க்கெட்டா?" என்று கீழிருந்தே கத்துவார். படிக்கு அடியிலும் குளியலறை ஓட்டையிலும் பாச்சை உருண்டைகளைப் போட்டு வைத்தார். எங்களுக்கும் அவரிடம் மனவருத்தம் உண்டு. அப்பாவும் அம்மாவும் தூத்துக்குடிப் பக்கத்துக்காரர்கள். கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. ஓனரம்மா சந்தைக்குப் போகும் நாள் பார்த்து, கதவைச் சாத்தி, ஈரத்துணியை இடுக்கில் அடைத்துக்கொண்டு வறுப்போம். திருட்டுத்தனமாக ஒரு துண்டு கருவாடு தின்றவர்களுக்குத்தான் அந்தக் கோபம் புரியும். மாடி ஆன்ட்டி எங்கள் கட்சி என்று அம்மா தீர்மானித்தது அதனால்தான்.

ஐப்பசி பிறக்கும் முன்னால் ஆன்ட்டிக்கு ஊரிலிருந்து ஒரு பார்சல் வந்தது. அவர் அம்மா அனுப்பியது. அதைப் பிரித்தபோது அவர் எனக்கு விளக்கிச் சொன்னதை நான் அம்மாவுக்குச் சொன்னேன். அவர்கள் ஊரில் மகளுக்குப் பிள்ளை பிறந்தால், தாய் வந்து மாதக்கணக்கில் கூடவே இருப்பாளாம். காய்ந்த மீனும், உடா என்கிற கறுத்த நெற்றும், மிளகும் போட்டுக் கொதிக்கக் கொதிக்க ஒரு சூப் வைத்துக் கொடுப்பாளாம். வயிறு சுத்தமாகும், பால் ஊறும். இவருடைய அம்மாவால் வர முடியாது. அதனால் எல்லாவற்றையும் தன் கையாலேயே காயவைத்து, புளிக்கவைத்து, கட்டி அனுப்பியிருக்கிறார்.

அம்மா கையிலிருந்த பனியன் பிசிறு வெட்டும் கத்திரியைக் கீழே வைத்துவிட்டாள். "நம்ம ஊருலயும் அப்படித்தாம்ட்டி. பால்சுறாக் கருவாட்டுல பூண்டு போட்டுக் கொழம்பு வச்சுக் குடுப்பாக. ஊரு எங்கனயோ கெடக்கு, பாரு, ஒரே மாதிரி."

பார்சல் வந்து இரண்டு வாரத்தில் ஆன்ட்டியின் அம்மா இறந்துபோனார். ஃபோன் வந்தபோது ஆன்ட்டி கைப்பிடிச் சுவர் ஓரம் நின்றிருந்தார். சத்தம் போட்டு அழவில்லை. கீழே உட்கார்ந்து, துணியில் காய்ந்துகொண்டிருந்த ஓகிரியை ஒவ்வொன்றாக எடுத்து மடியில் போட்டுக்கொண்டார். நிறைமாதம், போக முடியாது. மறுநாள் அந்தப் பார்சலில் வந்த அத்தனையையும் முறுக்கு டின்னில் அடுக்கினார். பிள்ளை பிறந்த பிறகு முதல் சாப்பாடு இதிலிருந்துதான், அதுவரை ஒரு துளி எடுக்கக்கூடாது என்றார்.

பிரசவத்துக்குக் கோயம்புத்தூர் போக வேண்டியிருந்தது. தகரக் கூரை ஒழுகும், வெயில் காட்டவும் ஆள் இல்லை. அதனால் டின்னை எங்களிடம் கொடுத்தார். என்னை உட்கார வைத்து, ஒன்றொன்றாகச் சொல்லச் சொல்ல நான் தமிழில் எழுதினேன். செவ்வாய், வெள்ளி வெயிலில் வைக்க வேண்டும். மூடியைத் திறந்து இரண்டு மணி நேரம். ஈரக் கை படக்கூடாது. மழை பெய்தால் திறக்காமல் அடுப்புக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். அந்தத் தாளைத்தான் ஓனரம்மா பார்த்துச் சிரித்தது.

மூன்று நாளில் வருவதாகச் சொன்னவருக்கு ஆபரேஷன் ஆகி, பதினொரு நாள் ஆனது. பதினொரு நாளும் மழை.

இரண்டாவது நாளே ஓனரம்மா எங்கள் வாசலில் வந்து நின்றார். "பக்கத்து ரூம்ல குடியிருக்கறவங்க எல்லாம் நாத்தம்னு எங்கிட்ட வந்து நிக்கறாங்க. இதை உள்ள வெக்காதீங்கோ. படிக்கடியில அலமாரி காலியாத்தான் கெடக்குது, அங்க வெச்சுப் பூட்டுங்கோ." சாவியை அவரே கொடுத்தார், இன்னொன்று அவரிடம் இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் இருக்க வேண்டியது ஈரச் சுவருக்குள் போனது. அம்மா எதிர்த்துப் பேசவில்லை. வாடகைக்கு இருப்பவர்கள் எவ்வளவு எதிர்த்துப் பேசுவோம் என்று உங்களுக்கே தெரியும்.

ஏழாம் நாள் மழை கொஞ்சம் விட்டிருந்தது. பள்ளியிலிருந்து வந்ததும் அலமாரியைத் திறந்து, டின்னின் மூடியை நெம்பினேன். உள்ளே இறால் அசைந்தது. இல்லை, இறாலின் மேல் சின்னப் பழுப்பு வண்டுகள் அசைந்தன. விதையில் நூலாம்படை மாதிரி வெள்ளையாக ஏதோ ஓடியிருந்தது. அம்மாவிடம் சொல்லியிருக்க வேண்டும். அவள் புடைத்து, சலித்து, வெறும் வாணலியில் சூடு காட்டி எடுத்திருப்பாள், கருவாட்டு ஊர்க்காரி. ஆனால் தாளை எழுதியவள் நான். டின் என் பொறுப்பு. படித்த பிள்ளை பார்த்துக்கொள்ளும் என்று ஆன்ட்டி சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

அப்பா ஒரு கம்பெனியில் பேக்கிங் செக்ஷனில் இருந்தார். எங்கள் துணிப்பெட்டிக்கென்று அவர் கொண்டுவந்த ஒரு கவர் ஆணியில் தொங்கும். அதில் இரண்டு சாமான்கள் இருந்தன. ஒன்று, எக்ஸ்போர்ட் அட்டைப்பெட்டிக்குள் ஈரம் வராமல் இருக்கப் போடும் சின்ன வெள்ளைப் பொட்டலங்கள். இன்னொன்று, உதிரியாகப் பாச்சை உருண்டைகள்.

முதலில் பொட்டலத்தைத்தான் எடுத்தேன். அதில் சிவப்பு எழுத்தில் ஆங்கிலத்தில் 'டு நாட் ஈட்' என்று அச்சடித்திருந்தது. எழுத்துக் கூட்டிப் படித்தேன். பொருள் புரிந்தது. சாப்பிடாதே. படிக்கத் தெரிந்ததால் அல்லவா ஆபத்திலிருந்து தப்பித்தோம் என்று எனக்கு அப்போது ஒரு பெருமை வந்தது, அதை இன்றுவரை மறக்க முடியவில்லை. பொட்டலத்தைத் திரும்ப வைத்தேன். உருண்டைகளின் மேல் எதுவும் எழுதவில்லை. பதினைந்து இருபது உருண்டைகளை அள்ளி, இறாலுக்கும் விதைக்கும் மீனுக்கும் நடுவில் போட்டு, மூடியை அழுத்தி மூடினேன்.

அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காமல் போட்டிருந்தால் உள்ளே இருந்த ஈரத்தை இழுத்திருக்கும், வேறு எதுவும் ஆகியிருக்காது. இதை நான் தெரிந்துகொண்டது கல்லூரியில்.

பதினொன்றாம் நாள் காலையில் ஆட்டோ வந்து நின்றது. ஆன்ட்டி வருகிறார் என்று தெரிந்ததும், அதற்கு முன்பே நான் ஓடிப்போய் டின்னைத் திறந்தேன். வண்டுகள் செத்திருந்தன. உருண்டைகள் கரைந்து கொஞ்சம் சிறுத்திருந்தன. எல்லாவற்றையும் பொறுக்கி, செத்த வண்டுகளை ஊதித் தள்ளி, டின்னைத் துடைத்து வைத்தேன். ஓகிரி நெடிக்கு மேல் வேறு வாசனை எனக்குத் தெரியவில்லை. பாஸ் ஆகிவிட்டேன் என்று நினைத்தேன்.

ஆன்ட்டியால் படியேற முடியவில்லை. எங்கள் அறையில் பாயில் உட்கார்ந்தார், மடியில் பெண் குழந்தை. ஓனரம்மா ஒரு குண்டா நிறைய வெந்நீர் காய்ச்சிக் கொண்டுவந்து வாசலில் வைத்துவிட்டுப் போனார். அம்மா அடுப்பைப் பற்ற வைத்தாள். நான் சொல்லச் சொல்ல மீன், உடா, மிளகு என்று ஒவ்வொன்றாகப் போட்டாள். கொதி வந்தது. ஆவி எழுந்தது.

அறை முழுக்கத் துணிப் பீரோ வாசனை.

அம்மா கரண்டியை முகர்ந்து பார்த்துவிட்டு என்னைப் பார்த்தாள். ஆன்ட்டி டின்னைத் தன் பக்கம் இழுத்தார். ஓகிரிப் பொட்டலம் ஒன்றைப் பிரித்து மூக்கருகே கொண்டுபோனார், இறக்கினார். அடுத்ததைப் பிரித்தார். கடைசிவரை ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார். டின்னின் அடியில் ஒரு சின்ன வெள்ளை உருண்டை உருண்டது. நான் விட்டது. அதை விரல்நுனியில் எடுத்து வைத்துக்கொண்டு, என் டின்னை யார் தொட்டது என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

"என்னட்டி கேக்காக?" என்றாள் அம்மா.

"டின்னை யாரு தொட்டதுன்னு கேக்காங்கம்மா."

அம்மா அந்த உருண்டையைப் பார்த்தாள். எங்கள் துணிப்பெட்டியிலும் அதே உருண்டைதான் கிடக்கிறது என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை. அவள் கண் நேராக முதல் மாடிக்குப் போனது. "வேற யாரு? சாவி அவ கையிலயும் இருக்குல்லா. நாத்தம் நாத்தம்னு படியெல்லாம் இதத்தான போட்டு வச்சிருக்கா. பச்ச ஒடம்புக்காரி சாப்பாட்டுல போடுததுக்கு எப்படி மனசு வந்துச்சோ! சொல்லுட்டி, அவியகிட்ட."

நான் சொன்னேன். ஆங்கிலத்தில் இரண்டே சொற்கள். ஹவுஸ் ஓனர்.

அதுவரை நான் பேசிய ஆங்கிலத்துக்குப் பெரியவர்கள் சிரிப்பார்கள், தட்டிக்கொடுப்பார்கள். அன்றுதான் முதன்முறையாக நான் சொன்ன ஆங்கிலத்தை ஒருவர் அப்படியே நம்பினார்.

ஆன்ட்டி குழந்தையைத் தூக்கிக்கொண்டு, வயிற்றைப் பிடித்தபடி ஒவ்வொரு படியாக ஏறினார். நான் பின்னால் போனேன். ஓனரம்மாவின் வாசலில் நின்று அவர் பேசினார். கத்தவில்லை. என் அம்மா கடைசியாகச் செய்தது அது, இனி உலகத்தில் எங்கேயும் கிடையாது, இந்தக் கட்டடத்தில் என் மகள் ஒருநாள்கூட வளரமாட்டாள் என்றார்.

ஓனரம்மா முழித்தார். "ஏங் கண்ணு, என்னமோ சொல்லுதே, என்னன்னு?"

"ஊட்டக் காலி பண்றாங்களாமுங்க," என்றேன். அவ்வளவுதான் சொன்னேன்.

அவர் முகம் மாறியது. "ஐயோ, இந்த மழையில பச்சப் புள்ளய வெச்சுட்டு எங்க போகுதாம்? நான் வாய்க்கு வந்ததப் பேசறவ, அதெல்லாம் மனசுல வெக்க வேண்டாம். இருக்கச் சொல்லு கண்ணு. சொல்லு."

ஆன்ட்டி என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார். நான் சொல்லவில்லை. சொன்னால் பேச்சு வளரும், வளர்ந்தால் டின் வரை வரும். தலையைக் குனிந்துகொண்டேன். ஆன்ட்டி திரும்பி இறங்கினார்.

மூன்றாம் நாள் மும்பையில் இருந்த உறவுக்காரர் ஒருவர் வந்து அழைத்துப் போனார். ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டிலிருந்த என் நோட்டுகள் மட்டும் ஒரு பனியன் துணியில் கட்டி எங்கள் வாசலில் இருந்தன. முறுக்கு டின்னைக் குப்பைத் தொட்டிக்குப் பக்கத்தில் பார்த்தேன். மழையில் நனைந்தும் டேப் விடவில்லை. 'ஈரக் கை படக்கூடாது' என்ற வரி மட்டும் மை கலையாமல் இருந்தது.

கதை தெருவில் பரவியது. அம்மாதான் பரப்பினாள், நல்ல மனதோடுதான். பிள்ளை பெற்றவள் சோற்றில் பாச்சை உருண்டை போட்டவள் என்று பேச்சாகி, பாச்சை உருண்டை அம்மா என்று பெயராகி, நாங்கள் அருள்புரத்துக்குக் குடிமாறிய பிறகும் அந்தப் பெயர் நிலைத்தது. நான் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தேன். கல்லூரி முடித்தேன். இப்போது ஒரு கம்பெனியில், துணி வாங்க வரும் வெளிநாட்டு பையர்களோடு பேசுகிற வேலை. அவர்கள் சொல்வதை இங்கேயும், இங்கே சொல்வதை அங்கேயும் ஒரு சொல் பிசகாமல் சொல்லுகிற பெண் என்று என்னைப் பற்றிப் பேசுவார்கள். கேட்கும்போதெல்லாம் மூக்கில் அந்த ஆவி வாசனை.

போன மாதம் மருந்துக் கடையில் ஒரு குரல்: "தள்ளுங்க, பாச்சை உருண்டை அம்மாவுக்கு வழி விடுங்க." சொன்னவனுக்கு இருபது வயதுகூட இருக்காது. அந்தப் பெயர் எதனால் வந்தது என்றே அவனுக்குத் தெரியாது. ஓனரம்மா குச்சி ஊன்றி நின்றிருந்தார். யாரைச் சொல்கிறான் என்று திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழகிவிட்டிருந்தது.

அடுத்த ஞாயிறு ராயபுரம் போனேன். எல்லாவற்றையும் சொன்னேன்: கவர், பொட்டலம், உருண்டை, ஹவுஸ் ஓனர். அவர் சேலை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தார். திட்டுவார் என்று காத்திருந்தேன். பூச்சிக்குப் படிக்கத் தெரியுமா என்று இன்னொரு முறை கேட்பார் என்றுகூட எதிர்பார்த்தேன்.

"நான் இருக்கச் சொன்னனே கண்ணு," என்றார். "அதையாச்சும் சொன்னியா?"

"இல்லீங்க."

"அப்ப அது காதுல விழுகவே இல்லியா?"

"இல்லீங்க."

அவர் எழுந்து உள்ளே போனார். நானும் பின்னால் போனேன். சமையலறைச் சுவரில், ஸ்விட்ச் போர்டுக்குப் பக்கத்தில், குடிவந்த அன்று அவசரத்துக்கு என்று ஆன்ட்டி கொடுத்த, ஊரிலிருக்கும் தன் தங்கையின் ஃபோன் எண்ணைப் பென்சிலால் எழுதி வைத்திருந்தார். அதற்குப் பிறகு இரண்டு முறை சுவருக்கு வெள்ளையடித்தும், அந்த இடத்தை மட்டும் விட்டிருந்தார்கள்.

அங்கேயே நின்று என் ஃபோனில் அந்த எண்ணுக்குத் தட்டச்சு செய்தேன். ஆங்கிலத்தில் எழுதி, வரிக்கு வரி தமிழில் அவருக்குப் படித்துக் காட்டினேன். "மொதல்ல அதைப் போடு கண்ணு, இருக்கச் சொன்னேன்னு," என்றார். அதை முதல் வரியாக மாற்றினேன். டின்னில் உருண்டை போட்டது நான் என்பது இரண்டாவது வரி.

அனுப்பிவிட்டேன். போய்ச் சேர்ந்தால் இரண்டு டிக் விழும். இன்றோடு ஒன்பது நாள். இன்னும் ஒரு டிக்தான்.